ஏழாவது தெருவுக்கு நாலு கைகள்

ஆட்டத்தை உருவாக்கியவர் வாயைத் திறக்கக் கூடாது. பலகை ஆட்டங்கள் வெளியிடும் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தில் இதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். பெட்டியைக் கடையில் வாங்கிப் போகிறவர் வீட்டில் நீங்கள் போய் உட்கார்ந்திருக்கப் போவதில்லை, ஆகவே சோதனை ஆட்டங்களின்போது ஒரு சொல், ஒரு சைகை, ஒரு பெருமூச்சுகூட ஆட்டக்காரர்களுக்கு உதவக் கூடாது என்று எழுதியிருந்தது. பெருமூச்சு என்ற இடத்தில் நான் சிரித்தேன். இரண்டே வாரத்தில், அந்தச் சொல்லைப் போட்டவர் பட்டுத் தெளிந்தவர் என்று புரிந்துவிட்டது.

எனக்கு வேலை தண்ணீர் விநியோகக் கட்டுப்பாட்டு அறையில். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் திறப்பது, எத்தனை மணிக்கு மூடுவது என்று வாரப் பட்டியல் போடுவது நான்தான். ஞாயிறு சாயங்காலம் நான்கு மணிக்கு டியூட்டிக்குப் போய் உட்கார்ந்தால் ஐந்தரைக்குள் அடுத்த வாரப் பட்டியல் தயார். பதினொரு வருடமாக இதைச் செய்கிறேன். அதில் கடைசி ஆறு வருடம், வீட்டுக்கு வந்த பிறகு இதையே ஒரு ஆட்டமாக அட்டையில் வரைந்துகொண்டிருந்தேன்.

ஆட்டத்தின் பெயர் 'கடைசிச் சொட்டு'. நான்கு பேர் ஆட வேண்டும். ஒருவரை ஒருவர் தோற்கடிப்பது கிடையாது. ஜெயித்தால் நாலு பேரும் ஜெயிப்பார்கள், தோற்றால் நாலு பேரும் தோற்பார்கள். பலகையில் ஒரு தொட்டி, ஏழு தெரு. தண்ணீருக்குப் பதில் நீல நிறச் சட்டைப் பொத்தான். ஆரம்பத்தில் தொட்டியில் நாலு பொத்தான் கையிருப்பு. அதற்கு மேல் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு விழும். ஏழு தெருவுக்கும் சேர்த்துப் பதின்மூன்று வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தெருவுக்கு ஒவ்வொரு பொத்தான் போதும், நடுவில் இருக்கும் நாலுக்கு இரண்டிரண்டு. ஏழாவது தெரு குழாயின் கோடியில் இருப்பதால் அதற்கு மட்டும் மூன்று. போதாததற்குக் குழாய் உடைப்பு, மின்தடை என்று தினம் ஒரு சீட்டு புரட்ட வேண்டும். அது பெரும்பாலும் இரண்டு பொத்தானைத் தின்றுவிடும். தண்ணீர் போகாத தெருவிலிருந்து ஒரு புகார்ச் சீட்டு வரும். ஐந்து புகார் சேர்ந்தால் ஆட்டம் காலி. பத்து நாள் தாக்குப்பிடித்தால் வெற்றி.

தப்பிக்க ஒரு வழி வைத்திருந்தேன். நாலாவது நாளிலிருந்து, ஆட்டம் முழுவதற்கும் ஒரே ஒரு தடவை, ஏதாவது ஒரு தெருவை முழுசாக மூடலாம். விதி ஒன்பது: மூடிய தெருவிலிருந்து புகார் வராது. விதி பத்து: மூடுவதற்கு நாலு பேரும் கையைத் தூக்க வேண்டும். மூன்று கை போதாது. கூட்டு ஆட்டம் என்றால் கூட்டாக முடிவெடுக்க வேண்டாமா? அந்தப் பத்தாவது விதியை எழுதிய அன்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அந்த விதிதான் என் கழுத்தை அறுத்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆட்டம் நடக்கும். நான் மூலையில், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில், ஒரு நோட்டுடன் உட்கார்ந்திருப்பேன்.

முதல் ஆட்டக்காரர் என் வீட்டுக்காரர். டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி கொடுக்கிறவர். இருபது வருடமாக அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியிலும் ஒரு பிரேக் வைத்துக்கொண்டு பிழைப்பவர். மேசையிலும் அதே கதைதான். யார் பொத்தானை எடுத்தாலும், "இரு இரு இரு, அங்க வைக்காத, மெதுவா, ஆங், இப்ப மூணாவதுக்கு விடு" என்பார். யாராவது சொன்னதைக் கேட்காமல் வைத்தால் மேசைக்கடியில் அவர் வலது கால் தரையை அழுத்தும். நாலு பேர் ஆட்டத்தையும் அவர் ஒருவரே ஆடினார்.

இரண்டாவது என் நாத்தனார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் சிவப்பு மையில்தான் எழுதுவாள். மூன்றாவது ஆள் 'சாவி'. எங்கள் ஆபீசில் வால்வு திறந்து மூடுகிறவன். வால்வு திருகும் நீள இரும்புச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டே நடப்பதால் இந்தப் பெயர். சம்பளச் சீட்டில் இருக்கும் பெயர் அவனுக்கே சட்டென்று ஞாபகம் வராது. நாலாவது, சாவியின் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவள். நான் அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவேன். சன்னமான விரல், நிதானமான கை. அவள் வைத்த பொத்தான்கள் மட்டும்தான் வரிசையாக இருக்கும்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கம்பெனி கொடுத்த கருத்துத் தாளில் அவரவர் எழுத வேண்டும். மூன்று கேள்வி. பிடித்தது எது, பிடிக்காதது எது, மறுபடி ஆடுவீர்களா.

என் வீட்டுக்காரர் எழுதினார்: "தலைமை தாங்க நல்ல வாய்ப்பு உள்ளது. மற்றவர்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆடுவேன், வேறு ஆட்களோடு." அந்த ஆட்டத்தில் தலைவர் என்று ஒரு பாத்திரமே கிடையாது.

நாத்தனார் பத்துக்கு ஆறு போட்டிருந்தாள். "விதி மூன்றும் விதி ஏழும் முட்டிக்கொள்கின்றன. அண்ணி கவனக்குறைவைத் தவிர்க்க வேண்டும்" என்று அடியில் ஒரு கோடு வேறு.

சாவி மூன்று கேள்விக்கும் ஒரே பதில் எழுதினான்: "நல்லா இருந்துச்சு." பிடிக்காதது எது என்ற கேள்விக்கும் அதுதான்.

தங்கச்சி, பிடித்தது என்ற இடத்தில் "பொத்தான்" என்றும், ஆடுவீர்களா என்ற இடத்தில் "வருவேன்" என்றும் எழுதுவாள். நடுக் கேள்வியைக் காலியாக விட்டுவிடுவாள். ஏழு வாரமாக அந்த இடம் காலியாகவே இருந்தது.

இந்தத் தாள்களை வைத்துக்கொண்டு நான் எதைத் திருத்துவது? சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது வாரமே நாத்தனார் வழியைக் கண்டுபிடித்துவிட்டாள். தாளில் கூட்டிக் கழித்து, பேனாவின் பின்பக்கத்தால் பலகையைத் தட்டி, "ஒரு நாளைக்கு மூணு துண்டு விழுது. வேற எந்தத் தெருவை மூடினாலும் கூடிப்போனா ரெண்டுதான் மிச்சம். ஏழாவதை மூடினா மட்டும்தான் மூணு. நாலாவது நாள் ஏழாவது தெருவை மூடணும், அவ்வளவுதான் ஆட்டம்" என்றாள்.

மூலையில் எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. அதேதான்! ஆறு வருடம் நான் ஒளித்து வைத்த விடையை மூன்று வாரத்தில் எடுத்துவிட்டாளே என்று கொஞ்சம் வயிறும் எரிந்தது.

"தூக்குங்க கையை" என்றார் என் வீட்டுக்காரர், தன் கையை முதலில் தூக்கி. நாத்தனார் தூக்கினாள். சாவி பாதி தூக்கிவிட்டுப் பக்கத்தில் பார்த்தான். தங்கச்சி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "நான் தூக்கல" என்றாள்.

"ஏன்மா?"

"வேற தெருவை மூடுங்க. முதல் தெருவை மூடுங்க."

"முதல் தெருவை மூடினா ஒரு பொத்தான்தான் மிச்சம். இவ்ளோ நேரம் அதைத்தான சொல்லிட்டிருக்கேன்" என்றாள் நாத்தனார், வகுப்பில் கடைசி பெஞ்சிடம் பேசுகிற குரலில்.

"புரியுது. ஆனா ஏழாவதுக்கு நான் கை தூக்க மாட்டேன்."

சாவி கையை மெதுவாக இறக்கித் தலையைச் சொறிந்தான். அன்று எட்டாவது நாளில் தோற்றார்கள். மேசைக்கடியில் என் வீட்டுக்காரரின் கால் விடாமல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. நான் நோட்டில் "தங்கச்சி!!!" என்று எழுதி மூன்று தடவை அடிக்கோடிட்டேன். வேறு என்ன செய்ய முடியும்? வாயில்தான் பூட்டு.

அதற்குப் பிறகு எல்லா வாரமும் இதே கூத்துதான். நாலாவது நாள் வரும், மூன்று கை மேலே போகும், நாலாவது கை மடியிலேயே இருக்கும். கெஞ்சினார்கள், கிண்டல் செய்தார்கள். என் வீட்டுக்காரர் ஒருநாள், "இது பொத்தான்மா, வெறும் பொத்தான். இதுக்கா இவ்ளோ வீம்பு?" என்று கத்தியே விட்டார். அவள் பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டாள். அவள் வராத வாரம் ஒன்று கிடைக்காதா என்று நான் ஏங்கியது உண்மை. அவளானால் ஒன்பதே முக்காலுக்கே வந்து நிற்பாள்.

எட்டு ஞாயிறு, பதினான்கு ஆட்டம், பதினான்கு தோல்வி. கம்பெனியிலிருந்து பதில் வந்தது. கடினமான ஆட்டம் எங்களுக்குப் பிடிக்கும், ஜெயிக்கவே முடியாத ஆட்டத்தை விற்க முடியாது என்று இரண்டே வரி. பிறகு ஒரு சலுகை: ஒன்பதாவது ஞாயிறு எங்கள் அதிகாரி நேரில் வருவார், அவர் கண்ணெதிரே இதே நால்வர், இதே விதிகளோடு, ஒரு ஆட்டம் ஜெயித்தால் அங்கேயே கையெழுத்து. இல்லையென்றால் இந்த வருடப் பட்டியலில் இடம் கிடையாது. ஆறு வருடமாக அட்டை வெட்டி வெட்டி என் கட்டைவிரலில் காய்ப்பே விழுந்துவிட்டது. அது அத்தனையும் இப்போது ஒரு பெண் கையைத் தூக்குவாளா மாட்டாளா என்பதில் வந்து நின்றது.

எட்டாவது வாரத் தாள்களைப் பையில் போட்டு வைத்திருந்தேனே தவிர, படிக்கவே வெறுப்பாக இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம்தான் எடுத்தேன். தங்கச்சியின் தாளில் நடுக் கேள்வி முதல் தடவையாக நிரம்பியிருந்தது. பொடி எழுத்து, கோணல் இல்லாத வரி.

"விதி ஒன்பது தப்பு. மூடின தெருவுலேருந்துதான் புகார் வரும். ஏழாவது தெரு எங்க தெரு. முத நாளே தெரிஞ்சுது. பம்பு ஹவுஸ் தாண்டி வளையற இடம், அப்புறம் அந்த முட்டுச் சுவர், எல்லாம் அப்படியே வரைஞ்சிருக்கீங்க. எங்க தெருவை மூடாம ஜெயிக்க ஒரு வழி வெச்சிருக்கீங்களா அக்கா? அதைத்தான் தேடிட்டு இருக்கேன்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எட்டு வாரமாக இதை வாயால் சொல்ல முடியாதா? அப்புறம் பலகையை எடுத்து விரித்துப் பார்த்தேன். எங்கள் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் குழாய் வரைபடத்தைப் பார்த்துத்தான் அதை வரைந்தேன். தெருப் பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டேன். வேறெதையும் மாற்றவில்லை. வெறும் கோட்டைப் பார்த்து ஒருவர் தன் வீட்டைக் கண்டுபிடிப்பார் என்று யாருக்குத் தோன்றும்? அந்தத் தெருவுக்குள் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. சாவியின் வீடு எங்கோ கோடியில் இருக்கிறது என்று தெரியும். எந்தக் கோடி என்று கேட்டதில்லை.

மறுநாள் காலை சாவி கையெழுத்துப் போட வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"உனக்கும் தெரியுமா?"

"எதுக்கா?"

"ஏழாவது தெரு."

தோளிலிருந்த இரும்புச் சாவியை இறக்கிச் சுவரில் சாத்தினான். "முத நாளே தெரியும்க்கா. அந்த லைன்ல நான் தினம் நடக்கறேனே."

"அப்ப சொல்றதுக்கு என்ன?"

"நீங்க பேசக் கூடாதுன்னு லெட்டர்ல போட்டிருந்துச்சுல்ல. நாங்களும் உங்ககிட்ட ஆட்டத்தைப் பத்திப் பேசக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

என்னத்தைச் சொல்ல!

"அப்புறம், அவளுக்கு என்மேலதான் கடுப்பு" என்றான். "வால்வை மூடறது நான்தானே. வீட்டுக்குப் போனா, இன்னைக்கும் மூடிட்டு வந்தியான்னுதான் கேப்பா. பட்டியல்ல இருக்கறதைத்தான் செய்யறேன்னு சொன்னா, பட்டியல் போடறது யாருங்கறா."

"நீ என்ன சொன்னே?"

"ஆபீஸ்லன்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, சாவியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று மாலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை, நாலு பேர் இடத்திலும் நானே மாறி மாறி உட்கார்ந்து ஆடினேன். முதல் தெருவை மூடினேன். ஏழாவது நாளில் தோற்றேன். நாலாவதை மூடினேன், எட்டாவது நாள். ஆறாவதை மூடி, சீட்டுகளை எனக்குச் சாதகமாக அடுக்கிக் கள்ள ஆட்டமே ஆடினேன், ஒன்பதாவது நாள். இன்னொரு வழி இல்லை. இல்லாத வழியை அவள் எட்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். விதியை மாற்றலாம் என்றால், விதிப் புத்தகம் கம்பெனி கையில் போய்விட்டது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, தனியா ஆடியும் தோக்கறியா?" என்றார். நான் பொத்தான் டப்பாவைத் தூக்கி எறியாமல் இருந்தது என் நல்ல குணம்.

ஞாயிறு வந்தது. கம்பெனி அம்மா சரியாகப் பத்து மணிக்கு வந்தார். முட்டிவரை நீண்ட கோட்டு, கையில் கிளிப் போட்ட அட்டை. எனக்கு எதிர்ச் சுவரோரம் நாற்காலி போடச் சொல்லி, என் முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். "நீங்க பேசினா அந்த நிமிஷமே சோதனை ரத்து. தெரியும்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். தலையாட்டினேன்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் நாத்தனார், டீ எடுத்து வரலாம் என்று தங்கச்சியைச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள். டீச்சர் குரல், மெதுவாகப் பேசுகிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டாலும் கூடம் வரை கேட்டது. "ஒரே ஒரு தடவைங்க. அண்ணி ஆறு வருஷமா கண்ணு போக வரைஞ்சாங்க. நீங்க கை தூக்கலைன்னா எல்லாம் குப்பைக்குத்தான் போகும். உங்களுக்கு என்ன போகுது?" தங்கச்சியின் பதில் கேட்கவில்லை. தம்ளர் வைக்கிற சத்தம்தான் கேட்டது.

அன்று என் வீட்டுக்காரர்கூட வாயை அடக்கிக்கொண்டார். சீட்டும் நல்லதாகவே வந்தது. முதல் நாள் சின்ன ஒழுக்கு, இரண்டாவது நாள் மின்தடை, மூன்றாவது நாள் ஒன்றுமில்லை. ஒரே ஒரு புகார்தான் சேர்ந்திருந்தது. கம்பெனி அம்மா தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கடித்த பல்லை விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

நாலாவது நாள்.

"ஏழாவதை மூடலாம்னு சொல்றேன்" என்றாள் நாத்தனார். கை தூக்கினாள். என் வீட்டுக்காரர் தூக்கினார். சாவி யாரையும் பார்க்காமல் தூக்கினான்.

தங்கச்சி பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விதிப்படி மூடுகிற தெருவின் அட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இடது கையால் அந்த அட்டையை எடுத்தாள். அதில் பம்பு ஹவுஸ், வளைவு, முட்டுச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம், அழகுக்காக நான் வரைந்த ஒரு சின்ன ஜன்னல். அட்டையைக் கவிழ்த்து, கோணாமல், விளிம்பு சரியாக நேராக வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. எனக்காகச் செய்கிறாள், அதை நான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறாள், அவ்வளவுதான். வலது கை மடியிலிருந்து மேலே வந்து தோள் உயரத்தில் நின்றது.

நாலு கை. ஆறு வருடமாக நான் பார்க்க ஆசைப்பட்ட காட்சி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள்மேல் இல்லை. பதினான்கு ஆட்டமாக எரிச்சல்பட்டதெல்லாம் தப்பான ஆள்மேல் என்று அந்த ஒரு நொடியில் தெரிந்து, அந்த எரிச்சல் முழுதும் திரும்பி என்மேலேயே வந்து விழுந்தது.

"தங்கச்சி, கையை இறக்கு" என்றேன்.

மேசைக்கடியில் என் வீட்டுக்காரரின் கால் பலமாகத் தரையை அழுத்தியது. அந்த பிரேக் என்னை நிறுத்தவில்லை.

"இறக்கும்மா. வேற வழி இருக்கான்னு கேட்டியே. இல்ல. நான் வைக்கவே இல்ல. வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. நீ இனிமே தேடாத."

அவள் கையை இறக்கினாள். சாவியும் இறக்கினான். நாத்தனார் மட்டும் இன்னும் தூக்கியபடி, "அண்ணி!" என்றாள்.

கம்பெனி அம்மா பேனாவை மூடினார். "நீங்க பேசிட்டீங்க."

"ஆமாம்."

"ஜெயிக்கப் போற நேரத்துல பேசினவங்களை இப்பதான் பாக்கறேன்" என்றார். கிளிப் அட்டையிலிருந்து ஒப்பந்தத் தாளை உருவிப் பையில் வைத்துக்கொண்டார். "அடுத்த பட்டியல் அடுத்த வருஷம். மாத்தி அனுப்பினா பாக்கறோம். பாக்கறோம்னுதான் சொல்றேன், எடுப்போம்னு சொல்லல." எழுந்து போய்விட்டார். டீயைத் தொடவேயில்லை.

கதவு சாத்தியதும் என் வீட்டுக்காரர் வெடித்தார். "ஒன்பது வாரம் வாய்ல கொழுக்கட்டையாட்டம் உக்காந்திருந்தியே! நான் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினப்பல்லாம் சும்மா இருந்தியே! இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்க முடியலையா?"

"முடியல."

"எதுக்காம்? ஒரு பொத்தான் தெருவுக்காகவா?"

"அது அவங்க தெரு" என்றேன். தங்கச்சியின் தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். நாத்தனார் படித்தாள். பழக்க தோஷம், கையில் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். படித்து முடித்து, ஒன்றும் எழுதாமல் மூடினாள்.

"ஆட்டத்தையாவது முடிப்போம்" என்றான் சாவி. எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. கவிழ்த்து வைத்த அட்டையைத் தங்கச்சி நிமிர்த்தி வைத்தாள். எதையும் மூடாமல் ஆடினார்கள். இந்தத் தடவை நானும் பேசினேன். வாய் ஓயாமல் பேசினேன், யோசனைமேல் யோசனை சொன்னேன். "அடடா, உங்களுக்குப் பக்கத்துல அண்ணனே தேவலை அண்ணி" என்றாள் நாத்தனார். எட்டாவது நாள் ஐந்தாவது புகார் வந்தது. தோற்றோம்.

கருத்துத் தாள் இனி யாருக்கும் தேவையில்லை. ஆனாலும் நாலு பேரும் எழுதிக் கொடுத்தார்கள். சாவி முதல் தடவையாக, பிடிக்காதது என்ற இடத்தில் "மூடறது" என்று எழுதியிருந்தான். தங்கச்சி கடைசிக் கேள்விக்கு "மாத்தினா" என்று எழுதியிருந்தாள்.

மூன்று மணி ஆகிவிட்டது. எனக்கு நான்கு மணிக்கு டியூட்டி. பட்டியல் போட வேண்டும். வாசலில் சாவி குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். தங்கச்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி, டீத்தூள் தீர்ந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி, சாதாரணமாகக் கேட்டாள்.

"அக்கா, நாளைக்கு எங்க தெருவுக்குத் தண்ணி எத்தனை மணிக்கு? இவரைக் கேட்டா ஆபீஸ்லதான் தெரியும்கறாரு."

என் பிரிவில் இருக்கும் அத்தனை தெருவின் நேரமும் எனக்கு மனப்பாடம். முதல் தெரு ஐந்து பத்து. இரண்டாவது ஐந்து நாற்பது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடைசித் தெருவின் கட்டத்தில் நேரம் கிடையாது. பதினொரு வருடமாக அந்த இடத்தில் நான் தட்டச்சு செய்துவந்தது இரண்டே சொல்: 'மீதி இருந்தால்'. குறித்த நேரத்துக்குத் தண்ணீர் வராவிட்டால்தான் எங்கள் ஆபீசில் புகார் எண் கொடுப்பார்கள். நேரமே குறிக்காத தெருவுக்குப் புகார் எண் ஏது? அந்தத் தெருவிலிருந்து ஒரு புகார்கூட வந்ததில்லை என்று நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். விதி ஒன்பதை எங்கிருந்து எடுத்தேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சாவி ஒரே நாடாவை இரண்டாவது தடவையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. தங்கச்சி பதிலுக்காக நின்றாள். பேசக் கூடாது என்று இப்போது எனக்கு எந்த விதியும் இல்லை. வாய்தான் வரவில்லை.

"இன்னும் எழுதலம்மா" என்றேன் கடைசியில். "எழுதிட்டுச் சொல்றேன்."